உன் கண்ண எடுத்துக்கினு வா

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயம்தான் காரணம். அவருடைய கம்ப்யூட்டர் எதைக் கொடுத்தாலும் வாய்விட்டுப் படித்துக் காட்டும். தன் பெயர் காதில் விழுந்தால் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு முழுவதையும் கேட்பார். கேட்டு முடித்ததும் எனக்கு ஃபோன் வரும். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று சொல்ல அல்ல, மூன்றாவது பத்தியில் ஒரு கமா கூடுதல் என்று சொல்ல. அந்த ஃபோனை இன்னொரு முறை எடுக்க எனக்குத் தெம்பில்லை.

சித்தூரில் ஓர் அரசு அலுவலகத்தில் ஏழு வருடம் எனக்குப் பக்கத்து மேசைக்காரர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அவருக்குப் புத்தூர்ப் பக்கம், எனக்கு நகரிப் பக்கம். இரண்டு பேருக்கும் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. அலுவலகம் முழுக்கத் தெலுங்கு பேசுகிறவர்கள் என்பதால் நான் வேலைக்குச் சேர்ந்ததுமே தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்தார் என்று ஆரம்பத்தில் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, தமிழில் திட்டு வாங்கவும் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்று.

முதலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார். எல்லார் கையிலும் செல்ஃபோன் வந்ததும் அழைப்புகளை இணைக்கும் சுவிட்ச்போர்டைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆளைக் கழற்ற முடியாதே. நடைவழியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் "கொஞ்சம் பாத்துக்கோங்க சார்" என்று பையையும் ஹெல்மெட்டையும் அவர் காலடியில் வைத்துவிட்டுப் போவார்கள். "ரெண்டு வருஷம் ஹெல்மெட்டு ஸ்டாண்டா இருந்தேம்மா" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் அந்த நாற்காலி அதே நடைவழியில் பிறகும் கிடந்தது. அதில் அவர் மறுபடி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டீ குடிக்கக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பார்.

பிறகு எப்படியோ மனு மேல் மனு போட்டு ஜூனியர் அசிஸ்டென்ட் வேலையும் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கிவிட்டார். எங்கள் எல்லாருக்கும் விண்டோஸ். அவருக்கு மட்டும் லினக்ஸ். திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் சாஃப்ட்வேர் அதில் கூடவே வரும் என்று அவருடன் படித்த சிநேகிதர் சொல்லியிருந்தாராம். அந்தக் குரல் சளி பிடித்த வெள்ளைக்காரன் குரல். அதை மூன்று மடங்கு வேகத்தில் ஓட விட்டுக் கேட்பார். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியாது. புதிதாக வந்த சூப்பரின்டென்டென்ட் முதல் நாள் அட்டெண்டரைக் கூப்பிட்டு, ஃபேனுக்குள் ஏதோ வண்டு மாட்டிக்கொண்டு கத்துகிறது, ஏறிப் பார் என்றார். அட்டெண்டர் ஸ்டூல் போட்டு ஏறியும் விட்டார்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு அப்டேட் வந்த பிறகும் அந்த வண்டு செத்துப்போகும். சவுண்டு கார்டு நன்றாகத்தான் இருக்கும். மிஷினுக்கும் அதற்கும் நடுவில் நின்று பேசும் டிரைவர் என்ற துபாசி காணாமல் போயிருப்பான். ஏன் போனான், எங்கே போனான் என்பதெல்லாம் திரையில் எழுதியிருக்கும். திரையைப் படிக்கக் குரல் வேண்டும். குரலைக் கொண்டுவரத் திரையைப் படிக்க வேண்டும். அப்போதுதான் பக்கத்து மேசைக்கு உத்தரவு வரும்.

"ஏம்மா, உன் கண்ண எடுத்துக்கினு வா."

கண்ணை மட்டும்தான் கேட்பார். என் மூளையோ யோசனையோ தேவையில்லை என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். அன்று அவர் ஏதோ கட்டளையைத் தட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. 

"ஏதோ எர்ரர்னு வருது அண்ணா" என்றேன்.

"ஏதோன்னா எழுதிக்கீது?"

"இல்ல. சவுண்டு கார்டு இல்லங்குது."

"அப்பிடித் தமிழ்லயா எழுதிக்கீது?"

"இங்கிலீஷ்ல."

"அப்ப இங்கிலீஷ்ல படி. அர்த்தத்த நான் பாத்துக்கறேன். நீ எழுத்த படி."

படித்தேன். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்றார். ஒரு பெயரும் இரண்டு புள்ளியும் என்றேன். புள்ளி பக்கத்தில் பக்கத்திலா, மேலும் கீழுமா என்றார். கோடு இருக்கிறது என்றால் நடுவிலா, அடியிலா என்பார். இடைவெளி இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஒன்றுமில்லாத இடத்தைக்கூடப் படிக்கச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

அந்த முதல் தடவை குரல் வர மூன்று நாள் ஆனது. காரணம் நான். ஒரு நீளமான டிரைவர் பெயரின் கடைசி எழுத்தை "ஒன்னு" என்று படித்தேன். அது ஒன்று அல்ல, இங்கிலீஷ் சின்ன எல். அந்தத் திரையில் இரண்டும் ஒரே குச்சிதான். அவர் ஒன்று என்று தட்டத் தட்ட, அப்படி ஒரு டிரைவரே இல்லை என்று மிஷின் சாதித்தது. மூன்றாம் நாள் மதியம் அவர் கேட்டார், "அந்த ஒன்னுக்குத் தலையில கொம்பு கீதா?"

"இல்ல. வெறும் கோடு மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா?"

அதன் பிறகு அரை மணி நேரம் எனக்கு நடந்ததை எழுத விருப்பமில்லை. அன்றோடு எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவில் சில சொற்கள் செல்லாக்காசு ஆயின. ஏதோ, மாதிரி, எல்லாம், அவ்ளோதான். இதில் ஒன்று என் வாயிலிருந்து தப்பி வந்தால் போதும், "காணிப்பாக்கத்துல வந்து சத்தியம் பண்ணுவியா?" என்பார். எங்கள் ஜில்லாவில் யாரையாவது நம்ப முடியாவிட்டால் அந்தப் பிள்ளையார் முன்னால் போய் சத்தியம் பண்ணச் சொல்வது வழக்கம். பங்காளிச் சண்டைக்குப் போகும் கோயிலுக்கு என்னை ஒரு கமாவுக்காகக் கூப்பிட்டவர் அவர்.

கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உலகம் முழுவதுமே அவருக்குப் படித்துக் காட்ட வேண்டிய திரைதான். ஒருமுறை அலுவலகத்தில் எல்லாருமாகக் காணிப்பாக்கம் போயிருந்தோம். சத்தியத்துக்கு அல்ல, சாமி கும்பிட. திரும்பும்போது ஓர் ஓட்டலில் உட்கார்ந்தோம். "துன்றதுக்கு இன்னா கீது?" என்றார். சுவரில் பெரிய போர்டு. இட்லி, தோசை, பூரி என்று ஆரம்பித்து, பழக்கதோஷத்தில் "எல்லாம் இருக்கு" என்று முடித்துவிட்டேன். பசியில் இருந்த பதினைந்து பேரும் என்னை முறைத்தார்கள். அவர்களுக்கும் தெரியும், இனி போர்டை முழுக்கப் படித்தால்தான் சாப்பாடு. படித்தேன். சாம்பார் இட்லி முதல், கை கழுவும் இடத்தில் துப்பக்கூடாது வரை. நடுவில் பதினெட்டாவதாக பெசரட்டு உப்புமா இருந்தது. அதைக் கேட்டார். சர்வர் தலையைச் சொறிந்தான்.

"அது போர்டுல மட்டும்தான் சார்."

"போர்டுல கீதே?"

"எழுதி ரொம்ப நாளாச்சி சார். யாரும் கேட்டதில்ல."

"இன்னிக்கு கேட்டாச்சில்ல? ஒன்னு செய்யி, இல்லன்னா அழி."

முதலாளியே எழுந்து வந்து ஈரத்துணியால் அந்த ஒரு வரியைத் துடைத்தார். துடைத்தாயிற்றா என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் இவர் இட்லியைத் தொட்டார்.

ஃபேனில் வண்டு தேடிய அந்த சூப்பரின்டென்டென்ட்டுக்கு இவரைக் கண்டால் ஆகாது. நேரம் தின்கிற ஆள் என்பார். அவர் மகள் கல்யாணப் பத்திரிகையோடுதான் அது மாறியது. மாப்பிள்ளை வீடு வேலூர்ப் பக்கம் என்பதால் ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ். பத்திரிகையை இவர் கையில் வைத்ததும் வழக்கம்போல என் பக்கம் நீட்டினார். அன்று எனக்கு எரிச்சல். பழிவாங்குவது என்று முடிவு செய்து, தலையில் போட்டிருந்த பிள்ளையார் சுழியிலிருந்து அச்சகத்தின் பெயர் வரை, தாய்மாமன்களின் பட்டம் பதவி உட்பட, இரண்டு மொழியிலும் ஓர் எழுத்து விடாமல் படித்தேன். அவர் சலித்துக்கொள்வார் என்று பார்த்தால், கச்சேரி கேட்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"தேதி ஒன்னு, கெழம ரெண்டா?"

முகூர்த்தம் விடியற்காலை நாலரை. தெலுங்கில் போட்டவர் விடிந்தால் வியாழன் என்று வியாழன் போட்டிருக்கிறார். தமிழில் எழுதியவர் இன்னும் இருட்டுதானே, புதன்தான் என்று புதன் போட்டுவிட்டார். பெண்வீட்டார் வியாழனுக்கும் மாப்பிள்ளை வீட்டார் புதனுக்கும் மண்டபத்துக்கு வந்திருப்பார்கள். வீட்டில் எட்டுப் பேர் பார்த்து, அச்சகத்தில் நாலு பேர் பார்த்து, கண்ணுள்ள ஒருவருக்கும் அது படவில்லை. சூப்பரின்டென்டென்ட் பத்திரிகைக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அடுத்த வாரத்திலிருந்து அவர் அனுப்பும் கடிதம் ஒவ்வொன்றும் இவர் மேசைக்கு வந்து, அதாவது என் வாய்க்கு வந்து, அதற்குப் பிறகுதான் வெளியே போயிற்று. நல்ல பெயர் அவருக்கு, தொண்டைக்கட்டு எனக்கு.

இந்தக் குணத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. அவரிடம் ஒன்றையும் மறைக்க முடியாது.

ஒரு நாள் மேலிடத்திலிருந்து அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கம்ப்யூட்டர் தேர்ச்சித் தேர்வு எழுத வேண்டும், இடம் திருப்பதி, அவருக்கு வேண்டிய சாஃப்ட்வேர் போட்டுத் தரப்படும் என்று இருந்தது. படித்துக்கொண்டே வந்தவள், கீழே இரண்டு வரியைப் பார்த்ததும் அவற்றை விட்டுவிட்டு நேராகக் கையெழுத்துக்குப் போய்விட்டேன்.

"நடுவுல ரெண்டு வரிய முழுங்கிட்ட" என்றார்.

"இல்லியே."

"மூச்சு வாங்குன. உனக்கு அந்த எடத்துல மூச்சு வாங்காது. படி."

படித்தேன். தேர்வில் தகுதி பெறாவிட்டால் பழைய பதவிக்கே திருப்பி அனுப்பப்படுவார் என்று இருந்தது. பழைய பதவி என்றால் டெலிபோன் ஆபரேட்டர். டெலிபோன் இல்லாத ஆபரேட்டர். அப்படியென்றால் அந்த நாற்காலி. சம்பளம் குறையாது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் காலடியில் மறுபடி ஹெல்மெட்டுகள் வந்து சேரும்.

அவர் அந்தக் கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். பிறகு சொன்னார், "எம்மேல எரக்கம் காட்டணும்னா டீ வாங்கிக் குடு. படிக்கறதுல காட்டாத." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதையும் கேட்டிருப்பார்.

தேர்வு நாளன்று நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். திருப்பதிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப். பதினொரு மணிக்குத் தேர்வு. மணி அடிக்கும்வரை நான் பக்கத்தில் இருக்கலாம், திரையைப் படித்துக் காட்டலாம், கீபோர்டைத் தொடக்கூடாது. மணி அடித்ததும் வெளியே போய்விட வேண்டும். அவருக்குத்தான் படிக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறதே, ஆள் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. பத்து முப்பத்தைந்துக்கு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினார். மாட்டிய முகம் அப்படியே நின்றது. எனக்கு அந்த முகம் தெரியும்.

"வண்டு இல்ல" என்றார்.

கண்காணிப்புக்கு நின்ற லெக்சரர் பெண் பதறினாள். "நின்னனே செக் சேசாம் சார், பாட்ட கூட ஒச்சிந்தி" என்றாள். நேற்றே பார்த்துவிட்டார்கள், பாட்டுக்கூட வந்ததாம். அவளுக்கு விண்டோஸ்தான் தெரியும். லினக்ஸ் தெரிந்தவர் லீவில் போயிருந்தார். இவர் கறுப்புத் திரையைத் திறந்து தட்ட ஆரம்பித்தார். நான் படித்தேன். அன்று நான் படித்தது போல் என் வாழ்நாளில் படித்ததில்லை. சவுண்டு கார்டு இருக்கிறது. டிரைவர் இருக்கிறது, சரியான டிரைவர், கடைசி எழுத்து எல். டிரைவரை இறக்கி ஏற்றினார். சத்தம் இல்லை. வேறொரு கோப்பைத் திறந்து பார்த்தார். எல்லா எழுத்தும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. சத்தம் மட்டும் இல்லை. மணி பத்து ஐம்பது.

மிக்சர் என்ற இன்னொரு திரையைத் திறந்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பங்கள் வரிசையாக நிற்கும். 

"மாஸ்டர் நூறு, ஹெட்போன் நூறு, ஸ்பீக்கர் நூறு" என்றேன்.

"வேற?"

"வேற ஒன்னும் இல்ல அண்ணா. எல்லாம் ஃபுல்லா இருக்கு."

செல்லாத சொல். அவர் திட்டவில்லை. மறுபடி டிரைவருக்கே போனார். மறுபடி இறக்கினார், ஏற்றினார். முதுகுச் சட்டை நனைந்துவிட்டது. லெக்சரர் பெண் கடிகாரத்தைப் பார்த்து, "சார், ஃபோர் மினிட்ஸ்" என்றாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நடைவழி நாற்காலியில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாராம், பழைய ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அந்த மிக்சர இன்னொரு தபா தொறங்கண்ணா" என்றேன். "நான் சரியா படிக்கல."

திறந்தார். இடது மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தேன். தலைப்பு, கார்டு பெயர், சிப்புப் பெயர், எந்தச் சாவியை அமுக்கினால் என்ன வரும் என்ற வரிகள். பிறகு முதல் கம்பம். கம்பத்துக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி. "மாஸ்டருக்குக் கீழ சைபர் சைபர். ஹெட்போனுக்குக் கீழ எம் எம்."

"இன்னாது?"

"எம் எம். பொட்டிக்குள்ள. அலங்காரத்துக்குப் போட்டிருக்கான்னு நெனச்சேன்."

அம்புச்சாவியை ஒருமுறை தட்டினார். எம் என்ற எழுத்தை ஒருமுறை அமுக்கினார். வாயடைத்து வைத்திருப்பதற்கு அடையாளம்தான் அந்த எம் எம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நேற்று ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுப் பார்த்தவர்கள், இன்று ஹெட்போனைச் செருகியிருக்கிறார்கள். ஹெட்போனின் வாய் அடைத்தே இருந்திருக்கிறது. 

குரல் வந்ததா என்று எனக்குக் கேட்காது. அவர் முகத்தைப் பார்த்தேன். புருவம் இரண்டும் மேலே ஏறின. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையை மட்டும் வீசி "போ, போ" என்றார். மணி அடித்தது. அவ்வளவு மரியாதையில்லாமல் விரட்டப்பட்டு அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த அறையிலிருந்தும் வெளியே வந்ததில்லை.

திரும்பும் பஸ்ஸில் என்னைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். பஸ் பாகாலாவைத் தாண்டிய பிறகு வாயைத் திறந்தார். "எப்பவும் டிரைவர்தான் போவும்னு அங்கயே சுத்திக்கினு கெடந்தேன். நீ பாக்காம வுட்ட, நான் கேக்காம வுட்டேன்." அவர் அகராதியில் அது மன்னிப்பு. கேட்டதா, கொடுத்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேள்விகளை முழுக்க முடித்தாரா என்று கேட்டேன். ஒன்று விட்டுப்போயிற்று என்றார்.

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் மதியம் ரிசல்ட் வந்தது என்று யாரோ ஃபோனில் சொன்னார்கள். துறையின் வலைத்தளத்தை அவரே திறந்தார். உத்தரவுக் காகிதத்தை ஃபோட்டோ எடுத்து அதில் போட்டிருந்தார்கள். ஃபோட்டோவை அவருடைய சாஃப்ட்வேருக்குப் படிக்கத் தெரியாது. நான்கு பக்கத்துக்கும் நான்கு முறை "இமேஜ்" என்று சொல்லிவிட்டு அந்த வண்டு நிறுத்திக்கொண்டது. என்னைக் கூப்பிட்டார். எப்போதும் சொல்கிற வார்த்தைகூட வரவில்லை. "ஏம்மா" என்றார், அவ்வளவுதான்.

நான் போய் நின்று மேலிருந்து ஆரம்பித்தேன். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை, ஏழு வருடப் பழக்கம். அரசாங்கத்தின் பெயர், துறையின் பெயர், கோப்பு எண், சாய்கோடு, இன்னொரு எண், புள்ளி, எந்தெந்தக் கடிதத்தைப் பார்த்து இந்த உத்தரவு என்ற பட்டியல். ஐந்தாவது வரியில் அவர் கை மேசை விளிம்பைப் பிடித்தது. ஆறாவது வரியில் வாய் திறந்தது.

"அதெல்லாம் வுடும்மா. பாஸா இல்லியா, அத மட்டும் சொல்லிடு."

வேறு யாரோ பேசுகிறார்கள் என்று நான் திரும்பிக்கூடப் பார்த்தேன். அறையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். நான் வரிகளைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது பக்கத்துக்கு ஓடினேன்.

"பாஸ் அண்ணா."

அவர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கழற்றி வைத்ததை மறந்து மறுபடி தலையில் தேடினார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பிடி எழுதிக்கீது?" என்றார். வரிசை எண், ஹால் டிக்கெட் எண், அவர் பெயர் இனிஷியலோடு, பதவி, கடைசியாக "குவாலிஃபைட்" என்று படித்தேன். "இன்னொரு தபா" என்றார். படித்தேன். மூன்றாவது முறை கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை. சூப்பரின்டென்டென்ட் எழுந்து வந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். பிறகு கேஷியர் படித்தார். டைப்பிஸ்ட் படித்தாள். யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் போதும் என்று சொல்லவில்லை. கடைசியாக அட்டெண்டர் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். ஹால் டிக்கெட் எண்ணில் ஒரு சைபரை விழுங்கிவிட்டார்.

அவர் திருத்தவில்லை.